எந்த உறுப்பு, யாருக்கு?

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-இல் ஒரு மரபணுவைக் கண்டெடுத்தது. செல்கள் தாமாகவே மடிந்துபோவதற்குக் காரணமான மரபணுவைத் தேடியபோது கையில் சிக்கியது அது. பி.டி.-1 என்று பெயர் வைத்தார்கள். அதன் வேலை என்ன என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. கடைசியில், அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, என்ன ஆகிறது என்று காத்திருந்தார்கள்.

எலிகள் நன்றாகவே பிறந்தன, வளர்ந்தன. மாதங்கள் கழித்துத்தான் வினை வெளிப்பட்டது. ஒரு வகை எலிகளுக்கு மூட்டுகள் வீங்கின; சிறுநீரகத்தில், உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோயைப் போன்ற அழற்சி வந்தது. 1999-இல் வெளியான முடிவு இது. அதே மரபணுவை வேறொரு வகை எலியில் நீக்கியபோது கதையே மாறியது. அந்த எலிகளின் இதயம் தளர்ந்து, உப்பிப் பெருத்து, அவை இறந்தன. இறந்த எலிகளின் இதயத் தசை நார்கள் மீது எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், படிந்திருந்தன. அவை எதைக் குறிவைத்தன என்பது 2003-இல் தெரியவந்தது: ட்ரோபோனின் ஐ. நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு ஓடுகிறவர்களின் ரத்தத்தில் இன்று அளக்கிறார்களே, அந்தப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த இரண்டு எலிகளையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீக்கப்பட்ட மரபணு ஒன்றே. ஆனால் அடிபட்ட உறுப்பு வேறு. எந்த உறுப்பு அடிபடும் என்பதைத் தீர்மானித்தது, அந்த எலி பிறக்கும்போதே கொண்டுவந்த மரபுப் பின்னணி. இன்று புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளிகள் விஷயத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுவேதான்.

பி.டி.-1 என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை அடக்கிவைக்கும் ஒரு மூலக்கூறு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் ஆராய்ந்த சி.டி.எல்.ஏ.-4 இன்னொன்று. இந்த அடக்குமுறையைப் புற்றுக்கட்டிகள் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அதை மருந்தால் விலக்கினால் டி செல்கள் கட்டியைத் தாக்கும். 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று மருந்துகள் வந்தன. 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிவிட்டது என்றால் மாதக்கணக்கில் பேசிய மருத்துவர்கள், சில நோயாளிகள் விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் பேசத் தொடங்கினார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு பெரிய திருப்பத்தை நம் தலைமுறை கண்டதில்லை என்றே சொல்வேன்.

விலை இருந்தது. 945 மெலனோமா நோயாளிகள் பங்கேற்ற ஒரு பெரிய சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கும், இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கும் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. இவை கீமோதெரபியின் முடி உதிர்தலோ வாந்தியோ அல்ல. தோலில் தடிப்பு, பெருங்குடலில் அழற்சி, கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி, கணையம், நரம்பு, இதயம் என்று எந்த உறுப்பையும் உடல் தானே தாக்கக்கூடும். ஒருவருக்கு இரண்டாம் வாரத்தில் வரும். மற்றவருக்கு ஆறாம் மாதத்தில் வரும். பலருக்கு ஒன்றுமே வராது. ஒரே மருந்து, ஒரே அளவு. அப்படியிருக்க யாருக்கு வரும், எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பால் எர்லிக், உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தனக்குத் தீங்காகும்படி உண்டாக்காது, அதை அஞ்சித் தவிர்க்கும் என்று கருதினார். அவர் பெயரின் கனத்தாலேயே அந்தக் கருத்து அரை நூற்றாண்டு நிலைத்தது. அதைத் தகர்த்தது தைராய்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்ற இளம் ஆய்வாளர், முயலின் தைராய்டில் ஒரு பாதியை எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்கு ஊசியாகப் போட்டார். சொந்தத் தைராய்டுக்கு எதிராகவே முயல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. மிச்சமிருந்த தைராய்டு அழற்சியால் சிதைந்தது. அதே ஆண்டு, 1956-இல், லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் ஆகியோரின் குழு, ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்தில் அதே வகை எதிர்ப்பொருளைக் கண்டது. சொந்த உடலின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இவற்றைத் தன்னெதிர்ப்பொருள்கள் என்போம்.

அவை நோய்க்குப் பின் வருகின்றனவா, முன்பே இருக்கின்றனவா? இதற்கு விடை சொல்ல ஒரு விசித்திரமான களஞ்சியம் உதவியது. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்தச் சீரத்தைக் காலமுறைப்படி எடுத்து உறைநிலையில் சேமித்து வைத்திருந்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளை ஆய்வாளர்கள் அந்தக் கிடங்கிலிருந்து எடுத்தார்கள். எல்லாம் அவர்கள் சீருடையில் பணியாற்றிக்கொண்டிருந்த நாட்களில் எடுத்த ரத்தம். 88 சதவீதத்தினரின் ரத்தத்தில், நோய் கண்டறியப்படும் முன்பே, குறைந்தது ஒரு தன்னெதிர்ப்பொருளாவது இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பிருந்தே இருந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று படிப்படியாகச் சேர்ந்துகொண்டே போய், நோய் வெளிப்படும் காலம் நெருங்கும்போது அவை பெருகியிருந்தன. 2003-இல் வெளியான இந்த ஆய்வு, தன்னுடல் தாக்கு நோய்களைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. வெளியே அறிகுறி ஏதுமில்லாமல், ரத்தத்தில் மட்டும் நோய் ஆண்டுக்கணக்கில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதை நம் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். ஒருவரின் உடலில் தைராய்டுக்கு எதிரான சிறு முனைப்பு ஏற்கெனவே இருக்கிறது, பி.டி.-1 அதை அடக்கி வைத்திருக்கிறது. அவர் ஆயுள் முழுதும் நலமாகவே இருந்திருக்கக்கூடும். அந்த அடக்குமுறையை மருந்து விலக்கினால்? மறைந்திருந்தது வெளியே வரும். அப்படியானால் முதல் ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்திலேயே தடயம் கிடைக்க வேண்டும்.

தைராய்டில் கிடைத்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளில் தைராய்டு பழுதடைந்த 10 பேரில் 8 பேரிடம் தைராய்டு எதிர்ப்பொருள்கள் இருந்தன. பழுதடையாத 38 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தன. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு, சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவைத்து, நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. முன்பே எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கே தைராய்டு அழற்சி பெரும்பாலும் வந்தது என்று அவர்களும் கண்டார்கள். வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வது இந்தத் துறையில் அரிது. தைராய்டில் அது நடந்திருக்கிறது.

இந்தத் தைராய்டு பாதிப்பு நோயாளிக்கு எப்படி வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிதையும் சுரப்பி, சேர்த்துவைத்திருந்த ஹார்மோனை ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும், தூக்கம் போகும். சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு எதிர்த்திசை: உடல் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் உப்புதல், மனச்சோர்வு. "கேன்சர் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலும் சொல்வார்கள், நோயாளியும் நம்புவார். எளிய டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒரு தைராக்சின் மாத்திரையும் போதும், அவரை எழுந்து நடமாட வைக்க. தைராய்டு எதிர்ப்பொருள் இருப்பது முதலிலேயே தெரிந்திருந்தால், அந்தச் சோர்வைப் புற்றுநோயின் கணக்கில் எழுதி வாரங்களை வீணாக்கியிருக்க மாட்டார்கள்.

தைமஸ் சுரப்பியில் வரும் தைமோமா கட்டியில் தடயம் இன்னும் கூர்மையானது. டி செல்களுக்குச் சொந்த உடலைத் தாக்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கும் இடமே தைமஸ். அங்கேயே கட்டி வந்தால் அந்தப் பாடம் குழம்பிப்போகிறது. அதனால்தான் தைமோமா நோயாளிகளில் கணிசமானோருக்கு மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோயும் வருகிறது; அதற்குக் காரணம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அவெலுமாப் என்ற இதே வகை மருந்தைப் பெற்ற தைமோமா நோயாளிகள் சிலருக்குத் தசை அழற்சி வந்தது. மருந்துக்கு முந்தைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி வந்த அனைவரிடமும் அந்த எதிர்ப்பொருள் முன்பே இருந்தது. வராத எவரிடமும் இல்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் மூச்சுத் தசையையும் இதயத் தசையையும் சேர்த்து வீழ்த்தக்கூடிய பாதிப்பு இது என்பதால், தைமோமா நோயாளிக்கு இந்த மருந்தை யோசிக்கும் எந்த மருத்துவரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஊசியை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இங்கே நிறுத்திக்கொண்டால் வெற்றிக்கதையாக முடிந்துவிடும். ஆனால் மற்ற உறுப்புகள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

மூளையின் அடியில் பயறளவில் இருக்கும் பிட்யூட்டரியை எடுத்துக்கொள்வோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2014-இல், இபிலிமுமாப் பெற்ற 20 பேரைப் பற்றி எழுதினார்கள். 7 பேருக்குப் பிட்யூட்டரி அழற்சி வந்தது. அந்த ஏழு பேரிடமும் பிட்யூட்டரிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. மற்ற 13 பேரிடம் தோன்றவில்லை. ஆனால் சிகிச்சைக்கு முன் அந்த ஏழு பேரின் ரத்தமும் சுத்தமாக இருந்தது! பிட்யூட்டரி செல்களே சி.டி.எல்.ஏ.-4 மூலக்கூறைத் தாங்கியிருப்பதால், மருந்து நேராகப் போய் அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. முன்பே ஒளிந்திருந்த நோய் இங்கே வெளிப்படவில்லை. மருந்து புதிதாக ஒன்றைத் தொடங்கிவைக்கிறது. இத்தகைய பாதிப்பை ஒரே ஒரு முன்சோதனை காட்டாது. இடையிடையே ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணையத்தில் வேறு சிக்கல். இந்த மருந்துகளால் சுமார் நூற்றில் ஒருவருக்கு, இன்சுலின் அறவே நின்றுபோகும் நீரிழிவு திடீரென வருகிறது. அப்படி வந்த 27 பேரை யேல், சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2018-இல் ஆராய்ந்தபோது, டைப் 1 நீரிழிவில் வழக்கமாகத் தேடும் தன்னெதிர்ப்பொருள்கள் 40 சதவீதத்தினரிடமே இருந்தன. மீதிப் பேரிடம் எதிர்ப்பொருளே இல்லை, நோய் மட்டும் இருந்தது. ஆகவே "சோதனை நெகடிவ், பயமில்லை" என்று எவரும் ஆறுதல் சொல்லிவிட முடியாது. சர்க்கரையை அளந்துகொண்டே இருப்பதுதான் வழி.

இதயம்தான் எல்லாவற்றிலும் பெரிய பயம். ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான் வருகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத்தளத்தில் 2018 வாக்கில் பதிவாகியிருந்த 131 இதயத் தசை அழற்சி நோயாளிகளில் 52 பேர் இறந்திருந்தார்கள். கியோட்டோ எலிகளின் இதயத்தில் கண்ட ட்ரோபோனின் எதிர்ப்பொருள் மனிதர்களுக்கும் வழிகாட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2022-இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டியது. மரபணு மாற்றிய எலிகளின் இதயத்தை அழித்தவை டி செல்கள். அவை குறிவைத்தது ஆல்ஃபா மயோசின் என்ற இதயத் தசைப் புரதத்தை. அந்தப் புரதம் தைமஸில் காணப்படுவதில்லை. எனவே அதைத் தாக்கும் டி செல்கள் பயிற்சிக் காலத்தில் களையெடுக்கப்படாமல் தப்பிவிடுகின்றன. பாதிக்கப்பட்ட மனிதர்களிடமும் அதே புரதத்தைக் குறிவைக்கும் டி செல்கள் கிடைத்தன.

அப்படியானால் தன்னெதிர்ப்பொருள் என்பது குற்றவாளியா, சம்பவ இடத்தில் நின்ற சாட்சியா? மயஸ்தீனியாவில் அது குற்றவாளியேதான். தைராய்டில் பெரும்பாலும் சாட்சி. சுரப்பியை அழிப்பதில் டி செல்களுக்கே பெரும்பங்கு. முன்னறிவிப்புக்குச் சாட்சியும் போதும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாச் சம்பவங்களுக்கும் சாட்சி இருக்காது. தன்னெதிர்ப்பொருளை மட்டும் நம்பி, டி செல்களின் போக்கைப் பார்க்காத எந்த முன்னறிவிப்பு முறையும் பாதிக் கண்ணோடுதான் பார்க்கும்.

இன்னொரு தடை கணக்கிலேயே இருக்கிறது. மூட்டுவலி என்று போனால் எழுதிக்கொடுக்கும் ஏ.என்.ஏ. சோதனையைப் பலர் அறிந்திருப்பார்கள். செல்லின் உட்கருப் பொருள்களுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனை அது. நலமாக இருப்பவர்களிலேயே, சீரத்தை அதிகம் நீர்க்கவைக்காமல் சோதித்தால், சுமார் 13 சதவீதத்தினருக்கு அது பாசிடிவ் என்று வரும். தைராய்டு எதிர்ப்பொருளும் அமெரிக்க மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் நோயே இல்லாமல் வாழ்ந்து முடிப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 1,000 பேர் மருந்து பெறுகிறார்கள். 10 பேருக்கு இதயப் பாதிப்பு வரப்போகிறது. வரப்போகிறவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும், வராதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. அது 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். கூடவே, எதுவும் வரப்போகாத 99 பேரையும் பிடித்துக்கொடுக்கும். எச்சரிக்கப்பட்ட 108 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் ஆபத்து. இதை வைத்து மருந்தை மறுத்தால், 99 பேர் காரணமே இல்லாமல் உயிர் காக்கும் சிகிச்சையை இழப்பார்கள்.

ஒரே ஒரு எதிர்ப்பொருளைத் தேடுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால் என்ன என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இமான் ஒஸ்மானின் குழு யோசித்தது. சிறிய கண்ணாடித் தகடு ஒன்றில் மனித உடலின் ஏறத்தாழ 20,000 புரதங்கள் புள்ளி புள்ளியாகப் பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை அதன் மேல் ஊற்றிக் கழுவினால், ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் தத்தம் புரதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒளிரும் சாயம் சேர்த்து வருடியில் பார்த்தால், எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரியும். ஒரே ஒரு மனிதரின் ரத்தத்தில் இத்தனை சொந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களா என்று வியக்க வைக்கும் காட்சி. 2018-இல் சில டஜன் மெலனோமா நோயாளிகளில் தொடங்கிய இந்த வேலை, 2022-இல் சுமார் 950 பேரின் மாதிரிகளுக்கு விரிந்தது. கடுமையான பக்கவிளைவு யாருக்கு வரும், புற்று யாருக்குத் திரும்பும் என்ற இரண்டையும் சிகிச்சைக்கு முந்தைய எதிர்ப்பொருள் கோலங்கள் ஓரளவு முன்னுரைத்தன. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் 20,000 புள்ளிகளில் தேடினால் தற்செயலாகவும் ஏதாவது பொருந்தும். வேறு மருத்துவமனைகளில், வேறு இன மக்களிடம், வேறு புற்றுநோய்களில் அதே கோலம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதைப் படுக்கையருகே கொண்டுபோக வேண்டும்.

முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பக்கவிளைவுக்கு அடையாளமான எதிர்ப்பொருளே, பல நேரம் பலனுக்கும் அடையாளமாக இருக்கிறது. ஜப்பானின் செண்டாய் நகரில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 137 பேரைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், முன்பே தன்னெதிர்ப்பொருள் இருந்தவர்களுக்குப் பக்கவிளைவு கூடுதலாக வந்தது. அவர்களுக்கே நோயும் நீண்ட காலம் கட்டுக்குள் இருந்தது. சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் குழு, தோலின் பி.பி.180 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளில் இதையே கண்டது. அந்தப் புரதம் தோலிலும் உண்டு, கட்டியிலும் உண்டு. இரண்டையும் சேர்த்தே உடல் தாக்குகிறது.

ஆகவே "எதிர்ப்பொருள் இருக்கிறது, மருந்து வேண்டாம்" என்று முடிவெடுப்பது, அதிகப் பலன் பெறக்கூடியவரையே பார்த்துக் கதவடைப்பதாகிவிடும். தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களைத் தொடக்ககால மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கிவைத்தன. அந்தத் தவறு சோதனைக்கூடச் சீட்டு ஒன்றின் பெயரில் மீண்டும் நடந்துவிடக் கூடாது. தைமோமா போன்ற விதிவிலக்குகள் தவிர, இந்தச் சோதனைகளின் இடம் மருந்தை மறுப்பதில் இல்லை, யாரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிப்பது என்று முடிவுசெய்வதில்தான் இருக்கிறது. தைராய்டு எதிர்ப்பொருள் உள்ளவருக்கு டி.எஸ்.எச். அடிக்கடி பார்க்கலாம். இரட்டை மருந்தா, ஒற்றை மருந்தா என்ற தயக்கம் வரும்போது இதையும் எடை போடலாம். குடலோ நுரையீரலோ பாதிக்கப்பட்டால் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாம். பிந்தினால் அதே பாதிப்பு உயிரைக் கேட்கும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இம்யூனோதெரபி எனப்படும் இந்தச் சிகிச்சை தொடங்குவதாக இருந்தால், முதல் ஊசிக்கு முன் தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்து முடிவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் தைராய்டு, முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் எது இருந்தாலும், சின்ன விஷயம் என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிதாக மூச்சுத் திணறல், தொடர்ந்த வயிற்றுப்போக்கு, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம், அடங்காத தாகம் எது வந்தாலும் அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காதீர்கள். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இந்தப் பாதிப்புகள் தொடங்கியது உண்டு. அதனால் காய்ச்சலுக்கென்று எந்த மருத்துவரிடம் போனாலும், இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.